மூட்டை எட்டு டாலர்

போன வருஷம் பதினாறு சரக்கு.
வாசனை மெழுகுவத்தி, பரிசு சுற்றும் தாள்,
பென்குயின் படம் போட்ட டப்பாவில் பிஸ்கட்,
எதற்கென்று இன்றுவரை தெரியாத ஒரு சிலிகான் வளையம்.
வழவழப் புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு
நாற்பத்தொரு பிள்ளைகள் கதவு கதவாய்த் தட்டினார்கள்.
எங்கள் பள்ளத்தாக்கில் கதவே இருபத்தேழுதான்.
கடைசியில் அவரவர் அப்பா
அவரவர் பிஸ்கட்டை வாங்கினார்.
பாதிப் பணம் ஆக்லாந்து கம்பெனிக்குப் போனது.
மெழுகுவத்தி இரண்டு பெட்டி இன்னும் ஆசிரியர் அறையில்.
கரண்ட் போனால் பள்ளி முழுக்க வனிலா மணக்கும்.

இந்த வருஷக் கூட்டம் நூலகத்தில்,
ஐந்து வயதுக்காரர்களின் நாற்காலியில்,
முழங்கால் தாடையை இடிக்க.
நான் பொருளாளர். பேனாவும் என்னிடம்தான்.
நீச்சல் குளத்துக்கு மூடி வாங்க
ஆயிரத்து எண்ணூறு குறைகிறது என்று வாசித்தேன்.
சாக்லேட் என்றாள் லொரேன்.
குலுக்கல் என்றது இன்னொரு குரல்.
கம்பளி கத்தரிக்கும் கொட்டகை வைத்திருக்கும் ஸ்ட்ரதர்ஸ்,
மூன்று வருஷமாய் வந்து தேநீர் மட்டும் குடித்துப் போகிறவர்,
கோப்பையைப் பார்த்தபடி சொன்னார்:
"என் கொட்டகைத் தரைக்கு அடியில்
பன்னிரண்டு வருஷத்துப் புழுக்கை கிடக்கிறது."

சிரித்து ஓயக் கொஞ்ச நேரம் ஆனது.
அதைக் குறிப்பில் எழுதவில்லை.
பிறகு சிரிப்பு நின்ற இடத்தில் எல்லோரும் கணக்குப் போட்டோம்.
சரக்குக்குக் காசில்லை.
சாக்கு, கன்றுகளுக்குப் பால்மாவு வந்த காலிச் சாக்கு.
அக்டோபர், ஊரெல்லாம் தோட்டம் கொத்துகிற மாதம்.
ஒரே சனிக்கிழமை போதும்.
கதவு தட்ட வேண்டாம், நெடுஞ்சாலை வேலியோரம் அடுக்கி
ஒரு உண்டியல் டப்பா வைத்தால் போதும்.
எழுதிக்கொண்டே வந்தவள்,
'இதர விஷயங்கள்' என்பதன் கீழ்
யாரும் சொல்லாத ஒன்றைச் சேர்த்தேன்:
சுவரில் பட்டியல் கிடையாது.

அந்தப் பட்டியலை வரைந்தவள் நான்.
விற்ற ஒவ்வொரு பொருளுக்கும் பெயருக்கு நேரே ஒரு தங்க நட்சத்திரம்.
நடுவில் ஜெரிக் டலிசாய்.
டுல்லோக் பண்ணையில் பால் கறக்க
ஜூலையில் வந்த குடும்பம்.
அத்தை மாமா எல்லாம் இலோய்லோவில்.
யார் வாங்குவார்கள்?
அழகான கையெழுத்தில் அவன் பெயர்,
அப்புறம் வெறும் தாள்,
டிசம்பரில் பள்ளி மூடும்வரை.

சனிக்கிழமை கொட்டகைக்கு அடியில் குனிந்து போனோம்.
நாற்றம் இல்லை, நம்புங்கள்;
காய்ந்த புல்லின் மணம், மூக்கெல்லாம் பழுப்புத் தூள்.
பெரியவர்கள் மண்வெட்டி, பிள்ளைகள் சாக்குவாய்.
ஜெரிக் வைக்கோல் கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டான்,
ஒரே இழுப்பில் இறுகும், ஒரே இழுப்பில் அவிழும்.
மற்றதுகள் தங்கள் மூட்டையை அவனிடம் இழுத்து வந்தன.
அதற்காக அவனைத் தேவதை என்று நினைக்க வேண்டாம்:
என் மகனின் சட்டைக் காலருக்குள்
ஒரு பிடி புழுக்கை போட்டதும் அவன்தான்.

பெயர்ப்பலகைக்கு அட்டை இல்லை.
அலமாரியைத் துழாவினேன், போன வருஷப் பட்டியல் கிடைத்தது.
திருப்பிப் போட்டுக் கறுப்பு மையில் எழுதினேன்:
ஆட்டுப் புழுக்கை. மூட்டை எட்டு டாலர்.
வேலிக்கம்பியில் கட்டினேன்.

மதியம் பின்னாலிருந்து வெயில் அடித்தது.
தாள் கண்ணாடியாய்ப் போய்
நட்சத்திரங்கள் இடம்வலம் மாறித் தெரிந்தன,
என் எழுத்தையெல்லாம் மொய்த்துக்கொண்டு.
இன்வர்கார்கிலிலிருந்து வந்த ஒரு ரோஜாக்காரர்
காரை நிறுத்தி, கண்ணை இடுக்கி, விலையைத் தேடினார்.
எட்டு டாலர் என்பது மட்டும் பளிச்சென்று இருந்தது,
நடுவில், ஒட்டு எதுவும் விழாத
அந்த ஒரே வரியில்.
ஆறு மூட்டை எடுத்துக்கொண்டார்.

இருட்டும்போது இருநூற்று முப்பத்தொன்று போயிருந்தது.
டப்பாவைக் கவிழ்த்து மூன்று முறை எண்ணினேன்.
ஐந்து டாலர் கூடுதல்.
எந்தத் தலைப்பில் வரவு வைப்பது என்று
இன்னும் தெரியவில்லை.